குடுக்கைத் தூண்டில் போட்ட வருஷம்

ரங்கூனில் குண்டு விழுந்த அடுத்த ஆடி மாதம் என் மச்சான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. யாரோ பசியோடு வந்திருக்கிறார்கள் என்று உள்ளே திரும்பி என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு செம்பில் கஞ்சி எடுத்து வந்தாள். வாசலில் நின்றவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே" என்றாள்.

அவர் என் தாய்மாமன் மகன். அவருடைய தங்கையைத்தான் நான் கட்டியிருந்தேன். பதினெட்டு வயதில் கப்பலேறி ரங்கூனுக்குப் போனவர், அங்கே ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கி, பிறகு எடை போடுகிற வேலைக்கு உயர்ந்திருந்தார். நடுவில் ஒரே ஒரு முறை ஊருக்கு வந்து, உசிலம்பட்டிப் பக்கம் பெண் எடுத்து, அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு திரும்பிப் போனார். ஒரு பெண் குழந்தை பிறந்திருப்பதாகக் கடிதம் வந்தது. அந்தக் குழந்தையை நாங்கள் பார்த்ததில்லை.

அன்று அவர் கஞ்சியை நின்றபடியே குடித்தார். குடித்து முடித்ததும் கதவுக்கு உள்ளே எட்டிப் பார்த்து, "அவளும் பிள்ளையும் எங்க தாயி?" என்று தங்கையிடம் கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நாங்கள் அவரிடம் கேட்க இருந்ததும் அதைத்தான்.

தை மாதமே அவர்கள் இருவரையும் மதராஸ் கப்பலில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் அதில் இடம் கிடைத்ததாம். அவர் மற்ற ஆண்களோடு சேர்ந்து காடும் மலையுமாக நடந்து, கல்கத்தா வந்து, ரயில் பிடித்து வந்திருக்கிறார். நடந்த கதையை அவர் அதிகம் சொல்லவில்லை. மனைவியும் பிள்ளையும் எப்போதோ ஊர் சேர்ந்திருப்பார்கள் என்ற ஒரே நினைப்புத்தான் தன் காலை நகர்த்தியது என்று மட்டும் சொன்னார். ஆறு மாதம் முன்னால் கிளம்பியவர்கள் வரவில்லை. நடந்து வந்தவர் வந்துவிட்டார்.

திருமங்கலத்துக்கு மேற்கே, கண்மாய்க் கரைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. எனக்குக் கண்மாய்ப் பாய்ச்சலில் கொஞ்சம் நெல் வயலும், மேட்டில் கொஞ்சம் பருத்திக்காடும் இருந்தன. மச்சான் எங்களோடு தங்கினார். திங்கட்கிழமைதோறும் மதுரைக்குப் போய், பர்மாவிலிருந்து வந்தவர்களைப் பற்றி விசாரிக்கிற ஆபீசில் வரிசையில் நிற்பார். சாயங்காலம் திரும்பி வந்து கை கால் கழுவுவார். இரண்டு மாதம் போனபின், அவர் தலை வரிசையில் தெரிந்தாலே அங்கிருந்த குமாஸ்தா, "இல்லை" என்று கையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு மச்சானுக்கு அங்கே போகக் கால் எழவில்லை. நான் போக ஆரம்பித்தேன்.

வீட்டில் அவர் இருப்பதே தெரியாது. சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கமாட்டார். களை எடுக்கப் போகலாமா என்றால் வருவார். பாதி வரப்பில் நின்றுவிடுவார். என் மனைவி அவருக்குக் கேட்காத இடமாகப் பார்த்து அழுதுவிட்டு வருவாள். நான் என்ன செய்ய முடியும்? பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். சும்மா இருந்து பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மறுகால் போயிற்று. தண்ணீரைப் பார்க்க ஊரே கரைக்குப் போனது. அவரும் வந்தார். ஆனால் எல்லோரும் திரும்பிய பிறகும் அவர் திரும்பவில்லை. மறுநாளும் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, நான் கேட்காமலே பேசினார்.

"மாப்ள, இதுல கெளுத்தி கிடக்குமா?"

எம்புட்டோ கிடக்கும் என்றேன். ரங்கூனில் அவருடைய மில்லுக்குப் பின்னால் ஒரு பெரிய ஏரி இருந்ததாம். அங்கே பர்மாக்காரர்கள் வாய் அடைத்த எண்ணெய் டின்னில் கயிறும் முள்ளும் கட்டித் தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம். டின் அதுபாட்டுக்கு மிதந்து திரியும். அப்புறம் படகில் போய்ப் பார்த்தால் கெளுத்தியும் வாளையும் தொங்கிக்கொண்டிருக்கும். தான் அதைப் போட்டதில்லை என்றும், மத்தியானச் சோற்று நேரத்தில் உட்கார்ந்து பார்த்தது மட்டும்தான் என்றும் சொன்னார். அந்த ஐந்து மாதத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு மீன் முக்கியமில்லை. அவர் இன்னும் பேச வேண்டும் என்பதற்காக, போட்டுப் பார்ப்போம் மச்சான் என்றேன்.

டின்னுக்கு எங்கே போவது? சண்டைக் காலத்தில் சீமெண்ணெயே கிடையாது. காலி டின்னை யாரும் கையை விட்டு விடமாட்டார்கள். எங்கள் கூரைமேல் போன வருஷத்துச் சுரைக்காய்கள் விதைக்கென்று விட்டு, காய்ந்து குடுக்கையாகக் கிடந்தன. தட்டினால் கணீரென்று சத்தம் வந்தது. என் மனைவி விதைக்கு இரண்டை வைத்துக்கொண்டு ஒன்பதை எடுத்துக் கொடுத்தாள். கீறல் இருந்த இடத்தில் மெழுகு உருக்கி அடைத்தோம். பருத்தி நூலை மூன்று புரியாக முறுக்கி, தண்ணீரில் மக்காமலிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்து உலர்த்தினேன். தூண்டில் முள்ளுக்காக மதுரைக்குப் போனபோது கீழவாசல் கடைக்காரர், கப்பல் வராமல் முள் எங்கிருந்து வரும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். கடைசியில் எங்கள் ஊர்க் கொல்லர் பழைய குடைக்கம்பியை வளைத்துத் தட்டிக் கொடுத்தார்.

மடை திறந்து அடைக்கிற பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டோம். கண்மாய் மீன் ஊருக்குப் பொது. வலை போடக் கூடாது, தூண்டில் என்றால் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். குடுக்கையில் தூண்டிலா என்று சிரித்தார்.

வாழை மரங்களை நார்க்கயிற்றால் கட்டி ஒரு தெப்பம் செய்தோம். முதல் நாள் விடியற்காலையில் கண்மாயின் நடுவுக்குப் போய் ஒன்பது குடுக்கைகளையும் வரிசையாக விட்டோம். முள்ளில் மண்புழு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கரைக்கு வந்து உட்கார்ந்து, கொண்டுபோன கஞ்சியைக் குடித்து முடிப்பதற்குள் வாடைக்காற்று கிளம்பியது. ஒன்பதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்மேற்கு மூலைக்கு நகர ஆரம்பித்தன. அந்த மூலையில்தான் கருவேல மரங்கள் இடுப்புத் தண்ணீரில் நிற்கின்றன. நாங்கள் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனோம். வாழைமரத் தெப்பம் எவ்வளவு வேகம் போகும்? எங்கள் கண்முன்னாலேயே எல்லாம் முள்ளுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டன. சாயங்காலம்வரை கை காலெல்லாம் கீறிக்கொண்டு ஐந்தை மீட்டோம். ஒன்றில் மட்டும் ஒரு சாண் கெளுத்தி இருந்தது. அதிலும் பாதியை ஆமை தின்றுவிட்டிருந்தது.

அந்தப் பாதி மீனை என் மனைவி புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். மச்சான் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் மரங்களுக்குள் போய் மீதி நான்கையும் எடுத்து வந்தோம். ஒன்றில் நூல் மட்டும் இருந்தது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டோம். யாரும் சொல்லித்தரவில்லை, ஒவ்வொன்றையும் ஒரு தடவை கெடுத்துத்தான் தெரிந்துகொண்டோம். காற்று வருகிற பக்கத்தில் விட வேண்டும். அப்போதுதான் கண்மாய் முழுக்க மிதந்து வர நேரம் கிடைக்கும். தூண்டில் முள்ளுக்கு ஒரு முழம் மேலே கூழாங்கல் கட்டினால் குடுக்கை காற்றில் ஓடாமல் நிதானமாக நகரும். மண்புழுவைப் பொடிமீன் கடித்துத் தீர்த்துவிடும். வெயிலில் கொஞ்சம் காய்ந்து நாற்றமெடுத்த கோழிக்குடலைத்தான் கெளுத்தி தேடி வரும். நூலைக் குடுக்கையின் கழுத்தில் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் சும்மா மிதக்கும்போது குடுக்கை படுத்திருக்கும். மீன் பிடித்து இழுத்தால் எழுந்து நிற்கும். எழுந்து நிற்கிற குடுக்கையைத் தேடித்தான் நாங்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு கரையில் நடந்தோம்.

அவருக்கு அந்த நடை பிடித்துப்போயிற்று. விட்டுவிட்டால் நம் கையில் ஒன்றும் இல்லை. காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போய்ப் பார்க்க வேண்டியதுதான். ஒருநாள் அவரே இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று புரிந்ததுபோல நடையை எட்டிப் போட்டார்.

மார்கழி நடுவில் ஒரு திங்கட்கிழமை. வழக்கம்போல மதுரைக்குப் போனேன். குமாஸ்தா கையை ஆட்டினார். வெளியே வந்தபோது, வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற கைலி கட்டிய ஒருவர், ரங்கூனில் எந்தப் பக்கம், எந்த மில் என்று விசாரித்தார். சொன்னேன். அவரும் அதே பக்கத்தில் இருந்தவர். தன் மனைவியும் தை மாதக் கப்பலில்தான் வந்தாள் என்று சொல்லி, என்னை வில்லாபுரத்திலிருந்த தன் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார்.

அந்த அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் என் மச்சான் மனைவியின் அடையாளத்தைச் சொன்னேன். உயரம், மாநிறம், வலது கையில் தேள் வடிவில் பச்சை. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"தேள் பச்சைதானே? பிள்ளைக்கு முழங்கால்ல தீக்காயத் தழும்பு இருக்குமே?"

பிள்ளையின் தழும்பு எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் மச்சான் ஒரு தடவை, குழந்தை அடுப்பில் விழப் பார்த்த கதையைச் சொல்லியிருந்தார். ஆமாம் என்றேன்.

கப்பல் கிளம்பி மூன்றாம் நாள் வாந்திபேதி வந்து அந்தப் பெண் இறந்துபோனாள் என்றாள். கடலில்தான் விட்டார்களாம். குழந்தையை இந்த அம்மாள்தான் மதராஸ்வரை மடியில் வைத்திருந்தாள். இறங்கும்போது இவளுக்கே நிற்கத் தெம்பில்லை. தாயில்லாத பிள்ளைகளை வாங்கிக்கொள்ள ஓர் அனாதை விடுதியிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள், அவர்களிடம் கொடுத்துவிட்டாள். ஊர் என்ன என்று கேட்டதற்குக் குழந்தைக்கு ரங்கூன் என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது. "நான் இன்னும் கொஞ்சம் விசாரிச்சிருக்கணும். எனக்குத் தெம்பில்ல, தம்பி" என்று அந்த அம்மாள் அழுதாள். 

திரும்பும்போது, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிவாயுவில் ஓடுகிற பஸ். மேடு வரும்போதெல்லாம் நின்றுவிடும், இறங்கித் தள்ளுவோம். ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் சொல்லப்போகிற வாக்கியத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டேன். முதலில் குழந்தை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு மற்றது. இல்லை, முதலில் மற்றது. திருமங்கலத்தில் இறங்கி நடந்தேன். கரை தெரிந்தபோது எது முதலில் என்று இன்னும் முடிவாகவில்லை.

கரைமேல் மச்சான் நின்று துண்டை வீசிக்கொண்டிருந்தார். ஒரு குடுக்கை எழுந்து நிற்கிறது என்றார். நிற்கவில்லை, ஓடியது. காற்றுக்கு எதிராக ஓடியது. நான் சட்டையைக் கழற்றாமலே தெப்பத்தில் ஏறினேன். கிட்டே போய் அவர் குடுக்கையைப் பிடித்த மாத்திரத்தில் அது தெப்பத்தையே இழுக்க ஆரம்பித்தது. கெளுத்தியில்லை, வாளை. ஓர் ஆள் கை நீளம் இருக்கும். நாங்கள் இருவரும் தெப்பத்தோடு கண்மாயில் கால்வாசி தூரம் போனோம். அவர் குடுக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு, நனைந்து, சிரித்தார். பல் தெரிய, சத்தமாகச் சிரித்தார். "மாப்ள, விட்றாத, விட்றாத" என்றார். குடைக்கம்பி முள் நிமிர்வதற்குள் மீனைத் தெப்பத்தில் புரட்டிப் போட்டுவிட்டோம்.

அன்றைக்கு நான் சொல்லவில்லை.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் எனக்கு முன்பே எழுந்து, குடலை முள்ளில் கோத்து வைத்துவிட்டு என்னை எழுப்பினார். அந்த வாளையை விற்கக் கூடாது என்று சொல்லி, கீறி உப்புப் போட்டு, கூரைமேல் காயவைத்தார். கருவாட்டுக் குழம்பென்றால் அவளுக்கு உயிர் என்றார். வருகிறபோது வீட்டில் இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு பிடித்த மீனில் நல்லதாக ஒன்றை எப்போதும் ஒதுக்கி உப்புப் போட்டார். ஓலைப் பெட்டியில் அடுக்கி, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார். பெட்டி நிறைய நிறைய எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொங்கல் முடியட்டும் என்று இருந்தேன். பொங்கல் முடிந்தது. வயல் அறுப்பு முடியட்டும் என்று இருந்தேன். என் மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும். திங்கட்கிழமைகளில் மதுரைக்குப் போவதாகக் கிளம்பி, திருமங்கலம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். வந்து, இல்லை என்று தலையை ஆட்டினேன். குமாஸ்தா கையை ஆட்டியது எனக்கு அப்போது ஞாபகம் வரும். குழந்தை விடுதியில்தானே இருக்கிறது, எங்கே போய்விடும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். சாப்பாடு போடுவார்கள். கூரை இருக்கும். அவர் இன்னும் கொஞ்சம் தேறட்டும். இப்படி நாற்பது நாள் போயிற்று.

மாசி பிறந்த சமயத்தில் ஒரு கெளுத்தியை முள்ளிலிருந்து கழற்றும்போது அதன் பக்கமுள் என் உள்ளங்கையில் ஆழமாக ஏறிவிட்டது. சாயங்காலத்துக்குள் கை மணிக்கட்டுவரை வீங்கியது. சுடுநீரில் கையை வைத்திருந்தால் வலி கொஞ்சம் அடங்கும். எடுத்தால் உயிர் போகும். காய்ச்சலும் வந்தது. மூன்று நாள் படுத்துக்கிடந்தேன். மச்சான் என் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். என் காட்டில் பருத்தி எடுத்தார். நடுநடுவே வந்து சுடுநீரை மாற்றி வைத்துவிட்டு, என் கையைத் திருப்பிப் பார்த்து, வீக்கம் வடிந்திருக்கிறது என்று தைரியம் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் அவர் கண்மாய்க்குப் போனபின் நான் என் மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நின்றுகொண்டே கேட்டாள். மதினி செத்துப்போனாளா என்றோ, பிள்ளை இருக்கிறதா என்றோ கேட்கவில்லை. "எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். மார்கழியில் என்றேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கதவருகே வந்து பார்த்தேன். எங்கள் வாசலிலிருந்து கரை தெரியும். அவர் தண்ணீரிலிருந்து எடுத்த குடுக்கைகளை வைத்துக்கொண்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அதிக நேரம் ஆகவில்லை. அவர் எழுந்திருப்பார் என்று பார்த்தேன். அவர் கையிலிருந்த குடுக்கையில் நூலைச் சுற்றி முடித்தார். அடுத்ததை எடுத்தார். எல்லாவற்றையும் சுற்றி முடித்து, முள்ளெல்லாம் உள்பக்கம் போகும்படி செருகி வைத்த பிறகுதான் இருவரும் இறங்கி வந்தார்கள்.

என்னிடம் வந்து, வில்லாபுரத்தில் எந்த வீடு என்று கேட்டார். சொன்னேன். அடுத்ததாக, எப்போது கேள்விப்பட்டேன் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"போன திங்கக்கெழமண்ணே" என்றாள் என் மனைவி. "கை வீங்கிக் கிடந்தாரு. அதான் சொல்ல முடியல."

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் தலையை அசைத்துவிட்டு, கொடியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினார். வில்லாபுரம் போய் அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே மதராஸுக்கு ரயில் ஏறப்போவதாகச் சொன்னார். நானும் வாரேன் என்றேன். வேண்டாம், கை ஆறட்டும் என்றார். அவர் கண்மாய்க் கரை முடிந்து திரும்பும் வரை எனக்கு ஒன்று உறைக்கவில்லை. நான் எப்போது அங்கே போனேன் என்பதை அந்த அம்மாள் சொல்லாமல் இருப்பாளா? என் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு அது அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள்.

ஒன்றரை மாதம் கழித்து, பங்குனி வெயிலில், தனியாகத் திரும்பி வந்தார். கண்மாய்த் தண்ணீர் நடுவில் ஒரு குட்டையளவுக்கு வந்துவிட்டிருந்தது. சாப்பிட்டு முடித்துத் தங்கையைப் பார்த்துத்தான் சொன்னார். விடுதியைக் கண்டுபிடித்துவிட்டார். அவர்களுடைய நோட்டில் எழுதியிருந்தது: நாலு வயதுப் பெண், தாய் கப்பலில் மரணம், முழங்காலில் தீத்தழும்பு. ஒரு வருஷம் வைத்திருந்து பார்த்திருக்கிறார்கள். யாரும் கேட்டு வராததால், பிள்ளையில்லாத ஒரு தம்பதிக்கு வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். பொங்கல் கழிந்த மறு வாரம் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தம்பதி கொடுத்த விலாசத்துக்குப் போனார். குண்டு விழும் என்ற பயத்தில் அந்தத் தெருவில் பாதி வீடு காலியாகக் கிடந்தது. அந்த வீடும் பூட்டிக் கிடந்தது. அவர்கள் வடக்கே போய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், கோயமுத்தூர் போனார்கள் என்று இன்னொருவர். இரண்டு இடத்திலும் போய்த் தேடியிருக்கிறார்.

"வரும்போது எழும்பூர் ஸ்டேஷன்ல ஒரு நா முழுக்கப் படுத்துக் கிடந்தேன் தாயி" என்றார். "கூப்புடு தூரத்துல இருந்திருக்கு."

ஆடி மாதம் கல்கத்தாவிலிருந்து ஊருக்கு வந்தபோது கிடந்ததைத்தான் சொன்னார்.  பொங்கல் கழிந்த மறு வாரம் என்று அவர் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியும் பார்க்கவில்லை. நான்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்கழி நடுவில் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே ரயில் ஏறியிருந்தால், ஒரு மாதம் மிச்சம் இருந்திருக்கும். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அந்த மாதம் குறையவில்லை.

ஓலைப் பெட்டியிலிருந்த கருவாட்டை என் மனைவி அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் சமைக்கவில்லை.

அவர் பத்து நாள்தான் இருந்தார். மதராஸில் ஒரு விறகுக் கடையில் வேலை கேட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். அங்கே இருந்தால் விடுதிக்கு அடிக்கடி போய் விசாரிக்கலாம்; அந்தத் தம்பதி ஊர் திரும்பினாலும் திரும்புவார்கள். திருமங்கலம் ஸ்டேஷனுக்கு நான் கூடப் போனேன். நான் திங்கட்கிழமைகளில் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். ரயில் தாமதம். அவர் மடியிலிருந்த துணி மூட்டையைத் தடவிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"பொங்கலுக்கு முந்தியே போயிருந்தியாமே."

"ஆமா மச்சான்."

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் வாளை பிடித்த சாயங்காலத்தைச் சொல்லியிருப்பேன். அவர் சிரித்ததைச் சொல்லியிருப்பேன். அது காரணமாகுமா என்று எனக்கே தெரியாது. அவர் கேட்கவில்லை. ரயில் வந்தது. மூட்டையை நான் எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வாரேன் மாப்ள என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டு ஏறினார்.

அந்தப் பிள்ளை கிடைக்கவேயில்லை. அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சண்டை முடிந்தபின் விடுதியையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நோட்டுகள் என்ன ஆயின என்று தெரியாது. அவர் விறகுக் கடையிலேயே இருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு தபால் கார்டு என் மனைவி பேருக்கு வரும். அவளுக்கு எழுத்து தெரியாது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அதில் அவளுடைய உடம்பைப் பற்றி விசாரித்திருப்பார், மழை பெய்ததா என்று கேட்டிருப்பார், எங்கெங்கே போய்த் தேடினார் என்று எழுதியிருப்பார். என்னைப் பற்றி ஒரு வரியும் இராது. நான் நிறுத்தாமல் கடைசிவரை வாசிப்பேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொள்வாள்.

பதிலும் நான்தான் எழுத வேண்டும். அவள் சொல்லச் சொல்ல எழுதுவேன். பேச்சு முடிகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாரும் சொகமா இருக்கோம்னு போடுங்க" என்பாள். அந்த எல்லாரும் என்பதில் என்னைச் சேர்த்துத்தான் சொல்கிறாளா என்று நான் கேட்டதில்லை. அவள் சொன்னபடியே எழுதி, விலாசம் போட்டு, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருவேன்.